தரையில் கிடந்தவை

பல்செட்டுக்காரர் பொட்டலத்தை வேலை மேசையில் வைத்துக் கயிற்றை அவிழ்க்கும்போது, முன்னறையில் அதைக் கொண்டுவந்த குல்லாக்காரர் ரொட்டியை டீயில் முக்கித் தின்றபடி மலைப்பாதை எவ்வளவு மோசமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்தது பல்செட்டுக்காரரின் மனைவி. குல்லாக்காரர் வரும் நாட்களில் அவளுக்கு வாய் ஓயாது. பாலத்தைத் தாண்டிப் போனீங்களா, அந்தப் பக்கம் மழையா, பழத்தோட்டத்தையெல்லாம் யாராவது பார்த்துக்கிறாங்களா இல்லையா என்று வழியை விசாரித்துக்கொண்டே இருப்பாள். அக்கம்பக்கத்தில் ஒருவரிடமும் அநாவசியமாக இரண்டு வார்த்தை பேசாதவள், மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிற ஒருவரிடம் மட்டும் உட்கார்ந்து கதை கேட்பது அவருக்கு வேடிக்கையாக இருக்கும். எனக்காகத்தான் செய்கிறாள், என் பைத்தியத்துக்குத் தன்னால் ஆன உபசாரம் என்று நினைத்துக்கொள்வார்.

அந்தப் பைத்தியம் ஊரறிந்தது. அவருக்குத் தொழில் பல் கட்டுவது. பல் வைத்தியர்கள் அளவெடுத்து அனுப்புகிற வாய்களுக்கெல்லாம் அவர் வீட்டின் பின்னறையில்தான் பல் முளைக்கும். "இந்த ஊர்ல பாதிப் பேரோட சிரிப்பு இங்கதான் தயாராச்சு, அதனால எவனும் என்னைப் பார்த்து முறைச்சுட்டுப் போக முடியாது" என்பார். போர் முடிந்த புதிதில், ஒரு பல்லும் மிஞ்சாத வாயோடு திரும்பிவந்த ஒரு சிப்பாய், முழு செட்டையும் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். பிறகு காற்சட்டைப் பையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து இவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டுப் போய்விட்டார். காம்பைப் பாதியில் முறித்துத் தேய்த்த கரண்டி. விளிம்பு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. சாப்பாட்டு டப்பாவின் மூலையைச் சுரண்டிச் சுரண்டி அப்படி ஆகியிருக்கிறது என்று புரிந்தபோது, முன்பின் தெரியாத ஒரு ஆளின் பசியைக் கையில் பிடித்திருப்பது போல அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்றைக்குப் பிடித்ததுதான் சிப்பாய்களின் சாமான் சேர்க்கிற இந்தப் பைத்தியம்.

துப்பாக்கி, தோட்டா, பதக்கம் எதையும் அவர் வாங்குவதில்லை. துப்பாக்கி எல்லாருக்கும் ஒன்றுதான், சீப்பு ஆளுக்கு ஆள் வேறு என்பது அவர் கட்சி. பக்கத்து அறை அலமாரிகளில் சீப்புகள், சவரக்கத்திகள், தீப்பெட்டி அளவு முகக்கண்ணாடிகள், நூல் சுற்றிய ஊசிகள், கல்லில் தேய்த்துச் செய்த சதுரங்கக் காய்கள், ஒரு மவுத் ஆர்கன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தால் ஒவ்வொன்றாகக் காட்டுவார். "இந்தச் சீப்புக்காரனுக்குச் சுருட்டை முடி, பல்லெல்லாம் ஒடிஞ்சிருக்கு பாருங்க. இவன் இடதுகைக்காரன்." சொல்லும்போது அந்த ஆட்கள் எல்லாரும் எங்கேயோ வீட்டில் உட்கார்ந்து வயதாகிக்கொண்டிருக்கிறார்கள் என்கிற தொனி இருக்கும். குல்லாக்காரர் அவரிடம் சொன்னதும் அப்படித்தான். முகாம் இருந்த இடங்களில் கிடந்தது, அவசரத்தில் ஓடும்போது போட்டுவிட்டுப் போனது, மழை வந்தால் மண் கரைந்து மேலே வருகிறது, நான் குனிந்து எடுக்கிறேன், அவ்வளவுதான்.

இந்தத் தடவை பொட்டலத்தில் அதிகம் இல்லை. ஒரு சவரக்கத்தி, துருவேறிய தகரச் சிமிழ், நாலைந்து பொத்தான்கள். அடியில், கிழிந்த துணியில் சுற்றி, ஒரு பல் தகடு. மேல் அண்ணத்தோடு ஒட்டி நிற்கிற தகடு, அதில் ஒரே ஒரு முன்பல், பக்கத்துப் பல்லைப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பிக் கொக்கி. அவருக்கு வாயெல்லாம் சிரிப்பாகிவிட்டது. இத்தனை வருடச் சேகரிப்பில் சொந்தத் தொழில் சாமான் வருவது இதுதான் முதல் தடவை. குழாயடியில் பிடித்து, மெல்லிய தூரிகையால் மண்ணைத் தட்டினார். இளஞ்சிவப்பாக இருந்திருக்க வேண்டிய தகடு டீத்தண்ணீர் நிறத்துக்கு மாறியிருந்தது. நல்ல வேலை. கம்பியின் நுனியைக்கூட யாரோ நாக்கில் குத்தாதபடி உருட்டிவிட்டிருக்கிறார்கள். யாருடா இவ்வளவு அக்கறையாகப் பண்ணினது என்று திருப்பிப் பார்த்தார்.

பல் நேராக இல்லை. ஒரு பக்கம் சாய்ந்து, பக்கத்தில் இருக்கப்போகிற பல்லின் மேல் லேசாக ஏறி நிற்கிற மாதிரி வைக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் பழுப்பாக ஒரு புள்ளி. கறை என்று தூரிகையால் தேய்த்தார். அது போகவில்லை. உள்ளே வைத்த புள்ளி அது. ஒரு முடியின் நுனியில் சாயத்தைத் தொட்டு, மூச்சை அடக்கி, வைத்தவருக்கு மட்டுமே அந்த இடம் தெரியும்.

தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. குழாயை மூட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

மனைவியின் தம்பிக்கு அவர் செய்த பல் அது. கல்யாணமான புதிது. மச்சினன் பந்து விளையாடப் போய் முன்பல்லை உடைத்துக்கொண்டு வந்து நின்றான். படைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த சமயம். "பொக்கைவாய்னு சேர்த்துக்க மாட்டாங்க மாமா, சீக்கிரம் ஒண்ணு பண்ணிக் குடுங்க" என்று குதித்தான். சேர்த்துக்கொள்ளாமல் போனால் நல்லதுதானே என்று அக்கா முணுமுணுத்தாள். இவர் நேரான, வெள்ளையான, அழகான பல் ஒன்று வைத்துக் காட்டினார். அவன் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, இது என் வாய் இல்லை, பழையபடி சாய்ச்சு வைங்க, புள்ளியும் வேணும் என்று அடம்பிடித்தான். பிரித்து மறுபடி செய்தார். அதை மாட்டிக்கொண்டு போனவன்தான். காணவில்லை என்று ஒரு தகவல் வந்தது. செத்தான் என்று யாரும் சொல்லவில்லை. மாமியார் கடைசிவரை காணாமல்போனவர்களைத் தேடுகிற அலுவலகத்துப் படியை மிதிக்கவில்லை. "போய்க் கேட்டா செத்துட்டான்னு எழுதிடுவாங்க. கேக்காத வரைக்கும் அவன் இருக்கான்" என்பாள். அந்தப் பேச்சோடே அவளும் போய்ச் சேர்ந்தாள்.

எப்போதும் வேலை முடிந்ததும் பிளாஸ்டர் அச்சுகளை உடைத்துப் போட்டுவிடுவார். ஊராரின் தாடைகளையெல்லாம் வைத்துக் காப்பாற்ற வீட்டில் இடம் ஏது? அந்த ஒரு அச்சை மட்டும் உடைக்கவில்லை. மேல் தட்டில், மெழுகு டப்பாக்களுக்குப் பின்னால், மனைவி கண்ணில் படாத இடம் என்று நினைத்து வைத்திருந்தார். ஸ்டூலைப் போட்டு ஏறி எடுத்தார். தூசியை ஊதினார். வேறு யாருடையதாகவாவது இருக்கட்டும், சாய்ந்த பல் உலகத்தில் ஒருத்தனுக்கா இருக்கிறது என்று வாய்விட்டே சொன்னார். தகட்டை அச்சின் அண்ணத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார்.

டக்கென்று உட்கார்ந்தது. ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. கொக்கி போய்ப் பக்கத்துப் பல்லைப் பிடித்துக்கொண்டது. வெள்ளைப் பிளாஸ்டர் வாய், ஒற்றைப் பழுப்புப் பல்லோடு அவரைப் பார்த்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உறைத்தது என்பதுகூடச் சரியில்லை. முதுகுப் பக்கம் யாரோ கதவைத் திறந்து குளிர்காற்றை விட்டதுபோல இருந்தது. சீப்பு பையிலிருந்து நழுவி விழும். கரண்டி விழும். பல் விழாது. ஓடுகிறவன் வாயிலிருந்து பல் தானாகத் தரையில் விழாது. அதை எடுக்க வேண்டுமென்றால் வாயைத் திறக்க வேண்டும்.

முன்னறைக்குப் போனார். மனைவி குல்லாக்காரருக்கு இரண்டாவது டம்ளர் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் பின்பக்கம் வாங்க" என்றார். தன் குரல் சாதாரணமாக இருந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. தண்ணீர்த் தொட்டியருகே போய் நின்றார்கள்.

"அந்தப் பல்லு எங்க கிடைச்சுது?"

"பார்த்துட்டீங்களா?" குல்லாக்காரர் முகம் மலர்ந்தது. "உங்க தொழிலாச்சே அண்ணே, சந்தோஷப்படுவீங்கன்னுதான் தனியா துணியில சுத்தி வச்சேன்."

"எங்க கிடைச்சுதுன்னு கேட்டேன்."

"பாலத்துக்கு அந்தாண்ட, பழத்தோட்டத்துச் சரிவுல. எப்பவும்போல தரையில கிடந்துச்சு."

"பல்லு எப்படிய்யா தரையில கிடக்கும்? எவனாவது பல்லைக் கழட்டி வச்சுட்டு ஓடுவானா?"

குல்லாக்காரர் அவரை ஒரு கணம் நிதானித்துப் பார்த்தார். ஏதோ விளையாட்டு பேசுகிறார் போல என்று சிரிக்கப் போனவர், சிரிக்காமல் நிறுத்திக்கொண்டார்.

"சீப்பு மட்டும் கிடக்குமா அண்ணே?" என்றார் மெதுவாக. "இத்தனை வருஷத்துல நீங்க ஒருதடவைகூட இப்படிக் கேட்டதில்லை. தெரிஞ்சுதான் கேக்காம இருக்கீங்கன்னு நான் நெனச்சுட்டிருந்தேன்."

பல்செட்டுக்காரர் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கேட்க வேண்டாம் என்று ஒரு மனம் சொன்னது. வாய் கேட்டது.

"எலும்பையெல்லாம் என்ன பண்ணுவே?"

"ஐயோ, அதை நான் தொடவே மாட்டேன். அது அது அங்கங்கதான். எடுக்க வேண்டியதை எடுத்துட்டு, மண்ணைத் தள்ளி மூடி, மேல இலையைப் பரப்பிட்டுத்தான் வருவேன். நாய் நரி இழுத்துட்டுப் போயிடக் கூடாதில்ல?" செய்த வேலையைச் சுத்தமாகச் செய்தவனின் குரல் அது.

"கழுத்துல பேர் அடிச்ச தகடு இருந்திருக்கணுமே."

"இருந்துச்சு. அதை மட்டும் சேக்கிறவர் ஒருத்தர் இருக்கார், அவர்கிட்டப் போயிடும். கடல் தாண்டி எங்கேயோ அனுப்புவாராம்."

பெயர் ஒரு பக்கம். பல் ஒரு பக்கம். மிச்சம், இலைக்கடியில். இனி அரசாங்கமே வந்து தோண்டினாலும் இன்னார் என்று சொல்ல அங்கே ஒன்றும் இருக்காது. அந்த வேலையை எதிரி செய்யவில்லை. வருடக்கணக்காகத் தன் வீட்டு டீயைக் குடித்துக்கொண்டு ஒருவர் செய்திருக்கிறார். தான் அலமாரிக்குக் கண்ணாடி போட்டு, பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். அடிக்க வேண்டும் என்று கை ஓங்கியது. ஓங்கிய கையைப் பார்த்ததும், எந்த முகத்தில் அடிப்பது என்று தெரியாமல் கீழே போட்டார்.

"அது என் மச்சினன்" என்றார். "அவளோட தம்பி. அந்தப் பல்லை நான்தான் பண்ணினேன்."

குல்லாக்காரர் குல்லாவைக் கழற்றினார். இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் தலையைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நெற்றிக்கு மேல் வெயில் படாத வெளுத்த தோல், குழந்தையின் உச்சந்தலை மாதிரி. அப்படியே தொட்டியோரத்து ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவளிடம் எப்படிச் சொல்வது? இன்றைக்கு வேண்டாம், முதலில் எடுத்து ஒளித்து வைத்துவிடலாம் என்று எண்ணிக்கொண்டு பின்னறைக்குத் திரும்பினார். அவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். பொட்டலம் முழுக்கப் பிரிந்து கிடந்தது. பொத்தான்களை மேசையில் தனித்தனியாக எடுத்து வைத்திருந்தாள். கையில் அச்சு. அவள் கட்டைவிரல் அந்தச் சாய்ந்த பல்லின் மேல் இருந்தது.

"கச்சிதமா உக்காருது" என்றாள்.

அவர் ஓரடி முன்னே வந்து மேசையோரத்தில் நின்றார்.

"அவன்தான் சாய்ச்சு வைக்கச் சொன்னான், ஞாபகம் இருக்கா? ஏன்டா, நேரா வச்சா நல்லாத்தானே இருக்குன்னு கேட்டேன். நேரா வச்சா நாளைக்கு உனக்கு என்னை அடையாளம் தெரியாம போயிடும் அக்கான்னு சொன்னான்."

"நான்..." என்றார். "எனக்குத் தெரியாது. இதெல்லாம் எங்கேருந்து வருதுன்னு எனக்கு இப்பத்தான்..."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, நிஜமான வியப்பு. "உங்களுக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரியுமா?"

"சவரக்கத்தியையும் சீப்பையும் தூக்கிப் போட்டுட்டு எவன் போவான்? உடம்போட இருந்ததுதான் இதெல்லாம். முதல் பொட்டலத்தைப் பிரிச்ச அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"சொன்னா நிறுத்திடுவீங்க." அச்சை மேசையில் வைத்தாள், தூங்குகிற பிள்ளையை இறக்கி விடுகிறாற்போல. "நிறுத்திட்டா இவன் எப்படி வருவான்?"

வெளியே தொட்டியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் பேசிக்கொண்டே போனாள், அரிசி களைவதைப் பற்றிச் சொல்வதுபோல. ஒவ்வொரு பொட்டலம் வந்ததும், அவர் வைத்தியர் வீட்டுக்கு வேலை கொடுக்கப் போகிற நேரத்தில் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துவிடுவாளாம். சீப்பில் முடி சிக்கியிருந்தால் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாளாம். அவனுக்குக் காதோரம் செம்பட்டை. மவுத் ஆர்கன் வந்த அன்று ஒரு நாள் முழுக்கச் சோறு இறங்கவில்லையாம், அவனுக்கு வாசிக்கத் தெரியாது என்று தெரிந்தும். "அந்த ஆளை உக்கார வச்சு டீ குடுத்ததெல்லாம் எதுக்குன்னு நெனைச்சீங்க? எந்தப் பக்கம் போயிட்டு வரார்னு தெரியணும்ல. பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் அவங்க படை நின்னது. அவர் அங்க போக ஆரம்பிச்சே ரெண்டு வருஷந்தான் ஆச்சு."

எனக்காக உபசாரம் செய்கிறாள் என்று எண்ணியிருந்தார். கல்யாணமாகித் தலை நரைக்கிறவரை ஒரே பாயில் படுத்தவள். அவர் கதை கட்டிச் சிரித்த ஒவ்வொரு சாமானிலும் அவள் ஒரு பிணத்தைத் தொட்டுப் பார்த்து, இவன் இல்லை, இவன் இல்லை என்று திரும்ப வைத்திருக்கிறாள். அவர் அலமாரி அறையின் பக்கம் பார்த்தார். கதவு திறந்திருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் சீப்புகள் வரிசையாகப் படுத்திருந்தன. போய்க் கதவைச் சாத்தலாம் என்றால் கால் அந்தப் பக்கம் நகரவில்லை.

"அந்த ஆளை நம்மள அங்க கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள்.

காணாமல்போனவர்களைத் தேடுகிற அலுவலகத்துக்கு அவளே போன் செய்தாள். நாளை மதியத்துக்குள் பாலத்தருகே ஆட்கள் வருவார்கள் என்றார்கள். குல்லாக்காரர் அதைக் கேட்டதும் வெலவெலத்துப் போனார். "என்னைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்க அண்ணி." அவள் குரல் உயரவில்லை. "போகட்டும். அதுக்கு முன்னாடி இடத்தைக் காட்டுங்க."

மறுநாள் காலையில் லாரியின் முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்து போனார்கள். வளைவுகளில் மூவரின் தோள்களும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஒவ்வொரு இடிக்கும் குல்லாக்காரர் மன்னிப்புக் கேட்பவர்போலக் கதவோரம் ஒடுங்கினார். குல்லாவை அவர் திரும்பப் போடவில்லை. பாலத்தைத் தாண்டியதும் குளிர் ஏறியது. லாரியை நிறுத்திவிட்டு, முன்னால் நடந்தார். பார்த்துக்கொள்ள ஆளில்லாத பழத்தோட்டம். மரங்கள் கிளை வெட்டாமல் காடாகிக் கிடந்தன. அழுகின பழங்களின் புளித்த வாசனை. எங்கோ குளவி இரைந்தது.

பல்செட்டுக்காரர் மண்ணைப் பார்த்தபடி நடந்தார். சரிவில் ஓரிடத்தில் தரை லேசாகப் பள்ளம் வாங்கியிருந்தது, மேலே சருகு. நாலடி தள்ளி இன்னொன்று. மரத்தடியில் இரண்டு. மேலே போகப் போக, கண் பழகப் பழக, சரிவெங்கும் பள்ளங்கள். மழை இறங்கி உட்கார்ந்த பள்ளங்கள், சாப்பாட்டுத் தட்டு அளவில், தொட்டில் அளவில். எல்லாவற்றின் மேலும் இலைகள் ஒழுங்காகப் பரப்பப்பட்டிருந்தன. இது அந்த முகக்கண்ணாடி. அது அந்த இடதுகைக்காரன். ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எது?" என்று அவள் கேட்பது கேட்டது.

குல்லாக்காரர் ஒரு பள்ளத்தருகே நின்றார். "இதுதான் அண்ணி." பிறகு தலையைத் திருப்பி, பக்கத்தில் இருந்ததைப் பார்த்தார். முகம் கலவரப்பட்டது. "இல்ல... இது சவரக்கத்தி. அதுதான்..." அங்கே போனார். குனிந்தார். திரும்பி வந்தார். "ஒரே நாள்ல எடுத்தேன் அண்ணி. ரெண்டும் ஒரே நாள்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் இரண்டு பள்ளங்களுக்கும் நடுவில் நின்று மாறி மாறிப் பார்த்தார். கண்களில் நீர் கட்டி நின்றது. "சத்தியமா ஞாபகம் இல்லை" என்றார்.

பல்செட்டுக்காரர் அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தியிருந்தால் அவருக்கும் ஏதாவது செய்யத் தோன்றியிருக்கும். அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அதே சமயம் கீழே பாதையில் ஒரு ஜீப்பின் இரைச்சல் கேட்டது. அலுவலகத்து ஆட்கள் இடம் தெரியாமல் ஹாரன் அடித்தார்கள். "போய்க் கூட்டிட்டு வாங்க" என்றாள், அவர் பக்கம் திரும்பாமலே.

அவர் சரிவில் இறங்கினார். எங்கே கால் வைப்பது என்று ஒவ்வொரு அடிக்கும் பார்த்துப் பார்த்து இறங்கினார். பாதை தெரிகிற திருப்பத்தில் நின்று, ஜீப்பை நோக்கிக் கையை ஆட்டிவிட்டு, மேலே திரும்பிப் பார்த்தார். அவள் தோளில் போர்த்தியிருந்த சால்வையை எடுத்து ஒரு பள்ளத்தின் மேல் விரித்துக்கொண்டிருந்தாள். விரித்துவிட்டு எழுந்து நின்றாள். பக்கத்துப் பள்ளத்தைப் பார்த்தாள். பிறகு மண்டியிட்டு, சால்வையைக் குறுக்காகத் திருப்பி, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சமாக இழுத்தாள், ஒரே போர்வையை இரண்டு பிள்ளைகளுக்கு இழுத்து விடுகிறவளைப் போல. அது எட்டவில்லை. காற்று ஒரு முனையைத் தூக்கியது. அவள் அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேலே வைக்கச் சுற்றுமுற்றும் ஒரு கல்லைத் தேடினாள்.